அம்பாப் பாடலில் இல்லாத சுரக்கூட்டு: மென்பொருள் கணிப்பின் துல்லியமும் எல்லையும்

வலையிழுக்கும் மீனவர் தம் உழைப்பின் சந்தத்திற்கேற்பப் பாடுவன தமிழகக் கடற்கரையில் அம்பாப் பாடல்கள் என வழங்கப்பெறும். ஒருவர் முன்னெடுக்க, ஏனையோர் தொடர்வர். பழவேற்காட்டு ஏரியை ஒட்டிய குப்பமொன்றில் இத்தகைய பாடலைப் பதிவுசெய்து, சுரக்கூட்டுகளைக் கண்டறியும் மென்பொருளிடம் அளித்தால் அது யாது விடை தரும்? நாட்டார் இசையைக் கணினிவழி ஆவணப்படுத்துவோர் முதலில் எழுப்ப வேண்டிய வினா இது.

கார்டு எனப்படும் சுரக்கூட்டு, மூன்று அல்லது அவற்றின் மிக்க சுரங்கள் ஒருங்கே ஒலிப்பதாகும். திரையிசைவழி அது தமிழர் செவிக்கும் பழகியதே. 1999இல் புஜிஷிமா முன்வைத்த முறை இத்துறைக்கு அடித்தளமிட்டது. ஒலிப்பதிவு சிறு துணுக்குகளாகப் பகுக்கப்பெறும். ஒவ்வொரு துணுக்கின் ஆற்றலும் ஸ்தாயி வேறுபாடு கருதாது பன்னிரு சுரத்தானங்களில் தொகுக்கப்பெறும். அத்தொகுப்பு பல்வகைக் கூட்டுகளின் வடிவங்களோடு ஒப்பிடப்பெறும். பின்வந்த முறைகள் பயிற்சித் தரவால் கற்பவை. அத்தரவில் பீட்டில்ஸ் குழுவின் பாடல்களுக்குப் பெரும் பங்குண்டு. இத்தகைய மேலை மெல்லிசையில் சிறந்த மென்பொருள்கள் பாடல் நேரத்தில் 80 விழுக்காட்டிற்கு மேல் சரியான மேஜர், மைனர் பெயரைச் சொல்கின்றன. நுண்வகைக் கூட்டுகளில் இவ்வளவு குறையும்.

அம்பாப் பாடலிலோ இவ்வளவீடே பொருந்தாது. தனிக்குரல் ஒன்று சட்ஜத்தைப் பாடும்போதும் அதன் மேற்சுரங்கள் உடன் ஒலிக்கின்றன: மூன்றாவது பஞ்சமத்திலும் ஐந்தாவது அந்தர காந்தாரத்திலும் அமையும். ச, க, ப மூன்றும் சேர்ந்தால் மேஜர் கூட்டு. ஆகவே ஒரு மிடற்றொலியிலேயே எவரும் இசைக்காத கூட்டை மென்பொருள் காணக்கூடும். குழுவினரின் குரல்கள் சற்றே விலகி ஒலிப்பதும், சுரத்திற்குச் சுரம் வழுக்கிச் செல்வதும், அலையிரைச்சலும் இம்மயக்கத்தை மிகுவிக்கும். ‘கூட்டு இல்லை’ என்னும் விடைக்கும் மென்பொருளில் இடமுண்டு. ஆயினும் பயிற்சித் தரவில் அது பெரும்பாலும் அமைதியான இடங்களையே குறிப்பதால், பாடுங்குரலுக்கு அவ்விடை வாய்ப்பது அரிது.

தவறான விடை திரையில் தோன்றி மறைவதோடு நின்றால் தீங்கில்லை. ஆவணக் குறிப்பில் ஏறிவிட்டால், ஒற்றைப் பண்ணோட்டமாக அமைந்த பாடல் ஒத்திசை கொண்டதாக அடுத்த ஆய்வாளரால் எடுத்தாளப்பெறும்.

மாற்றுவழி இல்லாமலில்லை. பார்சிலோனாவின் பொம்பேயு ஃபாப்ரா பல்கலைக்கழகம் முன்னின்று நடத்திய காம்ப்மியூசிக் திட்டத்தில் சென்னை ஐ.ஐ.டி.யும் பங்கேற்றது. கருநாடக இசைக்கு ஆதார சுருதியைக் காண்பதும் சுருதியின் தொடர் வரைவைப் பெறுவதும் அதன் பணிகளுள் அடங்கும். அம்பாப் பாடலுக்கும் வேண்டுவது அத்தகைய வரைவே: முன்பாடுபவரின் சுருதி எங்கே நிற்கிறது, இழுப்பு கடுமையாகும்போது எவ்வளவு ஏறுகிறது, தொடர்குரல் எந்த நொடியில் சேர்கிறது என்பன.