பந்தை எடுக்கும் நாய், ஏன் திருப்பித் தர மாட்டேங்குது?

பந்தைத் தூக்கிப் போட்டா நம்ம லாப்ரடார் பாய்ஞ்சு எடுக்கும். ஆனா கிட்ட வராது. தள்ளி நின்னு வாலாட்டும். நாம துரத்துவோம். அதுக்கு வேண்டியதும் அதுதான்!

சுட்ட பறவையைச் சேதமில்லாம எடுத்து வர, பிரிட்டன்ல வளர்த்தெடுத்த இனம் லாப்ரடார். 1903-ல அங்கே கென்னல் கிளப் அங்கீகாரம் கிடைச்சது. கவ்வுறது அதுக்குக் கூடவே பிறந்தது. கொடுக்கிறதை நாமதான் பழக்கணும்.

அதனால கடைசிப் படியிலிருந்து ஆரம்பிங்க. நாய் பொம்மையைக் கவ்வியிருக்கும்போது, மூக்குகிட்ட எலும்பில்லாத, வேகவைச்ச சிக்கன் துண்டைக் காட்டுங்க. வாய் திறந்ததும் சிக்கனைக் கொடுங்க. பொம்மையையும் திருப்பிக் கொடுங்க. கொடுத்தா நஷ்டமில்லைன்னு அது நம்பணும். இது பழகினதும், சிக்கனைக் காட்டுறதுக்கு முன்னாடி ‘விடு’ன்னு சொல்லுங்க. அப்புறம் ரெண்டடி தூரம் எறிங்க. பிறகு நீளக் கயிறு கட்டி பார்க்ல. ஒரு தடவைக்கு 5 நிமிஷம் போதும்.

துரத்தாதீங்க, வாயிலிருந்து பிடுங்காதீங்க. பிடுங்கிப் பழக்கினா, அடுத்த தடவை அவசரமா விழுங்கப் பார்க்கும். பந்தை விழுங்கினாலே ஆபத்துதான். தெருவுல கிடந்த எலி மருந்தோ, மேஜை மேல இருந்த சாக்லெட்டோ ஆனா? அந்த நேரத்துல ‘விடு’ங்கிற ஒரு சொல் உயிரைக் காப்பாத்தும். அதையெல்லாம் திருப்பிக் கொடுக்க முடியாது. பதிலுக்குக் கைநிறைய சிக்கன் கொடுங்க. விழுங்கிட்டா, காத்திருக்காம டாக்டர்கிட்ட தூக்கிட்டு ஓடுங்க.

இன்னிக்கு சாயங்காலமே ஒரு பொம்மையோட ஆரம்பிங்க. அடுத்த எபிசோடுல சந்திப்போம்!