இறால் குட்டையில் ஒரு வெப்பமானி, கரையில் ஒரு நோட்டு

கத்திரி வெயில் நாட்களில் தரங்கம்பாடி, பொறையாறு பக்கத்து இறால் குட்டைக்காரர்கள் பயப்பட வேண்டியது விடியற்காலை நாலு மணிக்குத்தான். கரண்ட் போய், தண்ணீரில் காற்றைக் கலக்கும் ஏரேட்டர் நின்றிருக்கும். டார்ச் அடித்துப் பார்த்தால் இறால் கரையோரம் ஒதுங்கித் தண்ணீர் மட்டத்தில் தத்தளிக்கும். மூன்று மாத உழைப்பும் கடனுக்கு வாங்கிய தீவனமும் விடிவதற்குள் போய்விடலாம். மறுநாள் கேட்டால் சிலர் நோய் என்பார்கள், சிலர் குஞ்சு சரியில்லை என்பார்கள். தண்ணீர் எத்தனை டிகிரியில் இருந்தது என்று சொல்ல ஆள் இருக்காது. அளந்து எழுதி வைத்திருந்தால்தானே சொல்வதற்கு?

இறாலுக்கு உடம்புச் சூட்டைத் தானே காத்துக்கொள்ளத் தெரியாது. தண்ணீரின் சூடுதான் அதன் சூடு. 2009-ல் இந்தியாவில் அனுமதி பெற்று, இன்று நம் கரையெங்கும் வளர்கிற வனாமி இறாலுக்கு 28 முதல் 32 டிகிரி செல்சியஸ் வரை ஒத்துக்கொள்ளும். அதற்கு மேலே போனால் முதலில் மூச்சு முட்டும். 25 டிகிரியில் ஒரு லிட்டர் நல்ல தண்ணீர் 8 மில்லிகிராமுக்குச் சற்று அதிகமாக ஆக்சிஜனைப் பிடித்துவைக்கும். 35 டிகிரியில் 7-க்கும் கீழே இறங்கிவிடும். உப்புத் தண்ணீரில் இன்னும் குறைவு. ஆனால் சூடு ஏற ஏற இறாலுக்கு ஆக்சிஜன் தேவை கூடிக்கொண்டே போகும். பகலில் ஆக்சிஜன் தரும் பாசியும் இருட்டியதும் அதை இழுக்கத் தொடங்கும். விடிவதற்கு முன்னால் குட்டை மூச்சுக்குத் திணறுவது இதனால்தான். தின்னாத தீவனமும் கழிவும் அடியில் அழுகி உண்டாகும் அமோனியாவும் சூட்டில் கூடுதலாக நஞ்சாகிறது.

ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் ஆபத்து வேறு திசையிலிருந்து வரும். மழைத் தண்ணீர் குளிர்ந்தது. ஆனால் உப்பில்லாததால் லேசானது. அது குட்டையின் மேலே தனிப் படலமாக நிற்கும். கீழே இருக்கும் உப்புத் தண்ணீருக்குக் காற்று போகாது. வெயில் மறைந்து சூடு இறங்கியதும் இறால் தீனி எடுப்பதைக் குறைக்கும். போட்ட தீவனம் அடியில் அழுகும். 1990-களின் நடுவில் கிழக்குக் கரைப் பண்ணைகளையெல்லாம் சாய்த்த வெள்ளைப்புள்ளி நோய்க்கு இந்தக் குளிர்ச்சியும் திடீர் மாற்றமும் தோதானவை. 32, 33 டிகிரி சூட்டில் அந்த வைரஸ் பெருகுவது மட்டுப்படும் என்பது ஆய்வுகளில் தெரிந்த விஷயம். அதற்காகக் குட்டையைக் கொதிக்க விடச் சொல்லவில்லை. ஒரே நாளில் மூன்று நான்கு டிகிரி ஏறி இறங்காமல் பார்த்துக்கொண்டால் பாதி ஆபத்தைத் தள்ளி வைத்த மாதிரி.

மருந்துக் கடை இதற்கு வழி சொல்லாது. குளோராம்பெனிகால், நைட்ரோபியூரான் போன்ற ஆன்டிபயாட்டிக்குகள் இறால் வளர்ப்பில் தடைசெய்யப்பட்டவை. ஏற்றுமதிச் சரக்கில் தடயம் தெரிந்தால் பெட்டியே திரும்பிவிடும். தவிர, வைரஸை ஆன்டிபயாட்டிக் தொடாது. உதவக்கூடியது தண்ணீரின் ஆழம். ஒன்றேகால் முதல் ஒன்றரை மீட்டர் வரை நின்றால் சூடு மெதுவாக ஏறும், மெதுவாக இறங்கும். வண்டல் சேர்ந்து முழங்கால் அளவுக்கு வந்த குட்டை வெயிலில் அடுப்பு மேல் வைத்த பானைதான். அறுவடை முடிந்ததும் அடி மண்ணை வாரி எடுத்துக் காயப்போடுங்கள். 33 டிகிரி தாண்டினால் தீவனத்தைக் குறையுங்கள். மாலை தொடங்கி விடியும் வரை ஏரேட்டரை நிறுத்தாதீர்கள். ஜெனரேட்டரில் டீசல் இருக்கிறதா என்று இருட்டுவதற்கு முன் பாருங்கள். பெருமழை பெய்தால் மேல் தண்ணீரை வடித்துவிட்டு, ஏரேட்டரை ஓட்டி மேலும் கீழும் கலக்கவிடுங்கள். குஞ்சு விடும்போது பையைப் பிரிக்காமல் அரை மணி நேரம் குட்டையில் மிதக்கவிட்டு, இரண்டு தண்ணீரின் சூடும் ஒன்றான பிறகே திறக்க வேண்டும். அதையும் காலையிலோ மாலையிலோ செய்யுங்கள். உச்சி வெயில் வேண்டாம்.

வீட்டுக் கண்ணாடித் தொட்டியில் சின்ன வண்ண இறால் வளர்ப்பவர்களும் சூடு திடீரென்று மாறாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். நம் ஊரில் தொட்டிக்கு ஹீட்டர் தேவைப்படுவது அபூர்வம். தண்ணீர்ப் பரப்பின் மேல் சிறு மின்விசிறி ஓடினால் ஆவியாகிச் சூடு இறங்கும். ஐஸ் கட்டியைப் போட்டுவிடாதீர்கள்.

இனி உரிமைக்கு வருகிறேன். இங்கேதான் நம்மவர்கள் ஏமாறுகிறார்கள்.

2005-ஆம் ஆண்டுச் சட்டப்படி கடலோர இறால் பண்ணை ஒவ்வொன்றும் சென்னையிலுள்ள கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்பு ஆணையத்தில் பதிவாக வேண்டும். மாவட்ட அளவில் ஆட்சியர் தலைமையிலான குழு விண்ணப்பத்தைப் பார்க்கும். பதிவு ஐந்தாண்டுக்குச் செல்லும். பதிவில்லாத குட்டை இறால் சாகும் நாளில் அனாதை. நிவாரணமோ காப்பீடோ கேட்கக் கையில் தாள் இருக்காது. நான்கு ஹெக்டேர் வரையிலான பண்ணைக்குக் காப்பீட்டுத் தவணையில் 40 சதவீதத்தை மத்திய அரசு ஊக்கத்தொகையாகத் தரும் திட்டம் 2024-ல் ஒப்புதல் பெற்றது. கையெழுத்துப் போடுமுன் வெயில் சாவு சேர்ந்திருக்கிறதா, நோய்ச் சாவு சேர்ந்திருக்கிறதா என்று வரி வரியாகப் படியுங்கள்.

குஞ்சு வாங்கும்போது பொரிப்பகத்தின் பதிவு நகலையும், நோய்க்கிருமி உண்டா என்று காட்டும் பி.சி.ஆர். சோதனை அறிக்கையையும் கேட்டு வாங்குங்கள்; பில் இல்லாமல் ஒரு பை கூட இறக்காதீர்கள். குஞ்சோ தீவனமோ கெட்டதாக இருந்தால், பிழைப்புக்காகச் சொந்தமாகப் பண்ணை நடத்தும் சிறு விவசாயியும் நுகர்வோர்தான். இரண்டு ஆண்டுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் வழக்குப் போடலாம். பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் இல்லை. உதவி எண் 1915.

குட்டைக்கு அக்கம்பக்கத்தில் இருப்பவர்களின் உரிமை இதைவிடப் பெரியது என்பேன். காவிரியின் கடைமடை இது. நல்ல தண்ணீர் வந்து சேருவதே பாடு. குட்டையின் உப்புத் தண்ணீர் நெல்வயலிலும் கைப்பம்பிலும் இறங்கினால் ஊருக்குப் போக்கிடம் கிடையாது. சர்வோதயத் தலைவர் எஸ். ஜெகந்நாதன் இதற்காகத்தான் 1994-ல் உச்ச நீதிமன்றம் போனார். அவரும் அவர் மனைவி கிருஷ்ணம்மாள் அம்மாவும் அன்றைய நாகை மாவட்டக் கிராமங்களில் மக்களோடு நின்று போராடியவர்கள். 1996 டிசம்பர் 11-ல் வந்த தீர்ப்பு, கடலோர ஒழுங்குமுறை மண்டலத்துக்குள் இருந்த பண்ணைகளை இடிக்கச் சொன்னது; கெடுத்தவரே ஈடு கட்ட வேண்டும் என்றது; மூடப்படும் பண்ணையின் தொழிலாளிக்கு ஆறு ஆண்டுச் சம்பளத்தைக் கூடுதலாகக் கொடுக்கச் சொன்னது. அது முழுதாக நடைமுறைக்கு வராமலே போனது. பின்னால் வந்ததுதான் 2005-ஆம் ஆண்டுச் சட்டம். ஆனாலும் விளைநிலத்தைக் குட்டையாக மாற்றக் கூடாது என்பது ஆணையத்தின் வழிகாட்டு விதியில் இருக்கிறது. கழிவுத் தண்ணீரைத் திறந்துவிடும் பண்ணை மீது திங்கட்கிழமை ஆட்சியர் குறைதீர் கூட்டத்தில் மனுக் கொடுங்கள். பதிவு உண்டா என்று பத்து ரூபாய் கட்டித் தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும். அதற்கும் அசையாவிட்டால் சென்னையில் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு இருக்கிறது. வழக்குக்குக் காரணம் எழுந்ததிலிருந்து ஆறு மாதத்துக்குள் போக வேண்டும். இழப்பீடு கேட்க ஐந்தாண்டு.

குட்டையில் கூலி வேலை செய்பவர்களையும் நினைக்க வேண்டும். ஈரக் கரையில் ஏரேட்டர் ஒயர் கிடக்கிற இடத்தில், மின்கசிவு வந்தால் கரண்டைத் துண்டிக்கும் இ.எல்.சி.பி. வைக்காத முதலாளி ஓர் உயிரோடு விளையாடுகிறார். இறாலுக்குத் தாங்காத வெயில் மனிதருக்கு எப்படித் தாங்கும்? வெப்ப அலையைத் தமிழ்நாடு அரசு 2024-ல் மாநிலப் பேரிடராக அறிவித்திருக்கிறது. வெப்ப அலையில் இறந்தவர் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய் நிவாரணம் உண்டு.

இத்தனை கதவைத் தட்டினாலும் உள்ளே கேட்கப்போகும் முதல் கேள்வி, ஆதாரம் எங்கே என்பதுதான். அதற்குத்தான் கரையில் ஒரு நோட்டு வேண்டும் என்கிறேன். விடியற்காலை ஐந்து மணிக்கு ஒரு தடவை, பிற்பகல் மூன்று மணிக்கு ஒரு தடவை. மேல் தண்ணீர் எத்தனை டிகிரி, அடித் தண்ணீர் எத்தனை டிகிரி, எத்தனை கிலோ தீவனம், கரண்ட் எப்போது போய் எப்போது வந்தது, எத்தனை இறால் செத்தது. குஞ்சு கெட்டதா, வெயில் கொன்றதா, பக்கத்துக் குட்டைக் கழிவு வந்ததா என்பதை இந்தப் பக்கங்கள் பிரித்துக் காட்டும். இறால் செத்தால் நாலைந்தை உடனே ஐஸில் வைத்து மீன்வளத் துறை அலுவலகத்துக்கோ நாகப்பட்டினம் மீன்வளப் பல்கலைக்கழகத்துக்கோ எடுத்துப் போங்கள். அந்தத் தேதியையும் எழுதுங்கள்.

குட்டை வைத்திருக்கும் அண்ணன்மாரே, அக்காமாரே, இன்று மாலைக்குள் ஒரு வெப்பமானி வாங்கிவிடுங்கள். நாளை விடியற்காலைக் கணக்கு முதல் பக்கத்தில் ஏறட்டும்.