கடற்கரையில் தனியாக நடக்கலாமா?

சென்ற மார்கழி விடுமுறையில் நம் பள்ளி மாணவிகளை மாமல்லபுரத்திற்கு அழைத்துச் சென்றிருந்தோம். அர்ச்சுனன் தபசையும் ஐந்து ரதங்களையும் பார்த்துவிட்டு, மரத்தடியில் கட்டுச் சோற்றை அவிழ்த்த சமயம், ஐரோப்பிய மாது ஒருவர் அருகில் வந்தார். "சூரியன் சாய்ந்த பிறகு கடற்கரையில் தனியாக நடக்கலாமா?" என்று வினவினார். மாணவி ஒருத்தி தயங்கி நம் முகத்தைப் பார்த்தாள். பிறகு, "வேண்டாம், அம்மணி. எங்களுடன் வாருங்கள்" என்று ஆங்கிலத்தில் பதிலளித்தாள்.

நமக்குப் பெருமையும் வெட்கமும் ஒருங்கே உண்டாயின. "வாருங்கள்" என்றதில் பெருமை. "வேண்டாம்" என்று சொல்ல நேர்ந்ததில் வெட்கம்.

அமெரிக்க அரசாங்கம் தன் பிரஜைகளுக்கு விடுக்கும் பிரயாண எச்சரிக்கையில் நான்கு படிகள் உண்டு. 2025 ஜூனில் இந்தியாவை இரண்டாம் படியில் வைத்து, முக்கியமாகப் பெண்கள் இங்கே தனியே பிரயாணம் செய்ய வேண்டாம் என்று அது கூறிற்று. அதைப் படித்தபோது நம் இரத்தம் கொதித்தது. "அவர்கள் தேசத்தில் துப்பாக்கிச் சூடு இல்லையோ?" என்று நண்பர்களிடம் வாதாடினோம். ஆனால் மாமல்லபுரத்தில் பஸ்ஸை விட்டு இறங்கும்போதே மாணவிகளுக்கு நாம் இட்ட கட்டளை என்ன? "இருட்டுவதற்குள் திரும்பிவிட வேண்டும், எவளும் தனியே போகக் கூடாது" என்பதுதானே? நாம் சொன்னால் அக்கறை, அந்நியர் சொன்னால் அவதூறா?

பிரயாண எச்சரிக்கை புதிய சரக்கன்று. கி.பி. 5-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பாரத நாட்டில் யாத்திரை செய்த பாஹியான், தக்ஷிண தேசத்துப் பாதைகள் கடினமானவை என்றும், அரசனுக்குப் பொருள் கொடுத்து வழித்துணை பெற்றே செல்ல வேண்டும் என்றும் கேள்வியுற்று எழுதினார். தாம் இப்பக்கம் வரவேயில்லை. மாமல்லன் காலத்தில், கி.பி. 640-ஐ ஒட்டிக் காஞ்சிக்கு வந்த யுவான் சுவாங், இலங்கை செல்ல ஆவல் கொண்டிருந்தார். ஆனால் அங்கிருந்து வந்த பிக்ஷுக்கள், அரசன் மாண்டான், பஞ்சமும் குழப்பமும் மிகுந்துள்ளன என்றனர். அவர் அந்த எண்ணத்தைக் கைவிட்டார்.

அதே யுவான் சுவாங்கைக் கங்கையில் கொள்ளையர் பிடித்துத் துர்க்கைக்குப் பலியிட முனைந்ததும், திடீரென எழுந்த சூறாவளியைக் கண்டு அஞ்சி விடுவித்ததும் அவருடைய சரித்திரத்தில் உள்ளன. அவ்வளவு துன்பப்பட்டவரே காஞ்சி மக்கள் வாய்மையும் தீரமும் உள்ளவர்கள், கல்வியைப் போற்றுகிறவர்கள் என்று எழுதிவைத்தார். இந்த நற்சாட்சியை மாமல்லன் கேட்டு வாங்கவில்லை. ஜனங்களின் நடத்தை பெற்றுத் தந்தது.

இன்றும் மாமல்லபுரத்திற்குக் கீர்த்தி குறைவில்லை. 2021–22-ஆம் ஆண்டில் தொல்லியல் துறையின் கட்டணச் சின்னங்களுள் வெளிநாட்டார் அதிகமாக வந்தது தாஜ்மகாலுக்கன்று, மாமல்லபுரத்திற்கே: 1,44,984 பேர். 2019 அக்டோபரில் சீன அதிபர் வந்தார். 2022-இல் சதுரங்க ஒலிம்பியாட் நடந்தது. அந்நாட்களில் வீதியெங்கும் காவல். ஆனால் 2017 ஏப்ரலில் இதே கடற்கரையில் ஜெர்மானியப் பெண்மணி ஒருவர் பாலியல் வன்கொடுமைக்கு ஆளானார். அவருக்குக் காவலாக அன்று யார் இருந்தார்கள்? பெரிய விருந்தினருக்குச் செய்யும் உபசாரம் அன்று நம் மானத்தின் அளவுகோல். தனியே வரும் பெண்ணுக்கு நேர்வதே அளவுகோல்.

அபாயத்தில் அழைக்க 112 என்ற எண் உண்டு. சுற்றுலா வருவோருக்குப் பல மொழிகளில் வழி சொல்ல 1363 உண்டு. இவற்றை நம் குழந்தைகளும் அறிந்திருத்தல் நலம். ஆனால் எண்கள் மட்டும் போதா. பெண்களுக்கு "இருட்டுமுன் வா" என்று போதிக்கும் நாம், வீட்டுப் பிள்ளைகளுக்கு என்ன போதிக்கிறோம்? வகுப்பில் நாமும் இத்தனை வருஷங்களாக அறிவுரையை ஒரு பக்கத்து பெஞ்சுகளுக்கே சொல்லி வந்திருக்கிறோம்.

அன்று மாலை அந்த மாது எங்கள் கூட்டத்துடன் நடந்து, அலையையும் கோபுரத்தையும் கண்டு மகிழ்ந்து விடைபெற்றார். மறுபடி ஒருவர் அதே கேள்வியைக் கேட்டால், நம் மாணவி நம் முகத்தைப் பாராமலே, "தாராளமாகப் போய் வாருங்கள்" என்று சொல்ல வேண்டும். அந்த நாள் வரும்வரை எச்சரிக்கைக் காகிதத்தின்மீது கோபம் கொள்வதற்கு நமக்கு அவகாசமில்லை.