எல்லைக் கோடும் குடிமக்களும்

மாணவர்களே! ஒரே நிலத்தை இரு மக்கள் தமதென்று கோரினால் தீர்வு யாது?

1947-இல் பாலஸ்தீனத்தைப் பிரிக்க ஐக்கிய நாடுகள் சபை பரிந்துரைத்தது. யூதத் தலைவர்கள் ஏற்றனர். அரபுத் தலைவர்கள் மறுத்தனர். மூண்ட போரில் ஏறத்தாழ 7 லட்சம் பாலஸ்தீனியர் வீடிழந்தனர். அப்பூசல் இன்றும் தீரவில்லை.

திருவண்ணாமலைக்கு வடக்கேயுள்ள திருத்தணியோ, 1953-இல் சித்தூர் மாவட்டத்தோடு ஆந்திரத்தில் சேர்ந்தது. ம.பொ.சிவஞானம் கிளர்ச்சி நடத்தினார். நடுநின்ற படாஸ்கர் கிராமத்தை அலகாகவும், மொழியையும் நிலத்தொடர்ச்சியையும் அளவுகோலாகவும் கொண்டார். 1960 ஏப்ரல் 1-இல் திருத்தணி சென்னை மாநிலத்திற்கு வந்தது. சத்தியவேடு ஆந்திரம் சென்றது. திருப்பதி அங்கேயே நின்றது.

எல்லை மாறியமையால் எவரும் ஊரைவிட்டு விரட்டப்படவில்லை. காரணம், இரு சாராரும் ஒரே அரசியலமைப்பின் சம உரிமைக் குடிகள். இருவரும் ஏற்ற நடுவரும் இருந்தார். பாலஸ்தீனத்திற்கு இவ்விரண்டும் வாய்க்கவில்லை. கோட்டை எங்கே இடுவது என்று வழக்காடுமுன், அதன் இருபுறமும் வாழ்வோர் அச்சமின்றி வாழ வழியுண்டா என்று வினவுங்கள்.