முடக்குவாதம்: மரபணுக் கணக்கேட்டில் யார் எத்தனை பேர்

டெல்லிக்கு அருகிலுள்ள கிராமங்களில் வீடு வீடாகச் சென்று எடுத்த கணக்கெடுப்பு ஒன்று 1993இல் வெளியானது. பட்டியலில் இருந்த வயதுவந்தோர் 44,551 பேர், பங்கேற்றோர் 89.5%, ஏறத்தாழ 39,900 பேர். களப்பணியாளர்கள் சந்தேகத்தின் பேரில் குறித்தது 3,393 பேரை. மருத்துவ அளவுகோல்களின்படி முடக்குவாதம் உறுதியானது 299 பேருக்கு. விகிதம் 0.75%. இந்தியாவில் சுமார் 70 லட்சம் நோயாளிகள் என்ற மதிப்பீடும் அந்த ஆய்விலிருந்து வந்ததே. 0.75% என்பது 70 லட்சம் ஆக வேண்டுமானால் அடிப்படை மக்கள்தொகை 93 கோடி இருக்க வேண்டும். 1991 கணக்கெடுப்பில் குழந்தைகளையும் சேர்த்து இந்தியர் 84.6 கோடி. விகிதத்தை நம்பலாம், 70 லட்சத்தைச் சற்றுத் தள்ளியே வைக்க வேண்டும்.

ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் வழக்கமாகச் சொல்லப்படும் விகிதம் 0.5 முதல் 1% வரை. சீனாவில் பெரும்பாலான ஆய்வுகள் 0.2 முதல் 0.4% வரை காட்டுகின்றன. அமெரிக்கப் பழங்குடியினரில் அரிசோனாவின் பீமா மக்களிடம் 5.3%, சிப்பெவா மக்களிடம் 6.8%. பிந்தையது டெல்லிக் கிராமங்களைப் போல் 9 மடங்கு. எதிர்முனையில் கிராமப்புற நைஜீரியா: 1993இல் வெளியான ஆய்வில் சுமார் 2,000 பேரைப் பரிசோதித்தும் ஒரு நோயாளிகூட இல்லை. சுழியத்துக்கும் ஒரு வரம்பு உண்டு. 2,000 பேரில் ஒருவரும் இல்லையென்றால், உண்மை விகிதம் 95% உறுதியோடு 0.15%க்குள் இருக்கும் என்பதே புள்ளியியல் தரும் விடை.

இந்த வேறுபாட்டுக்கு மரபணு விளக்கம் தேடியவர்களுக்குக் கிடைத்த முதல் பெரிய எண் 70. நோயாளிகளில் 70% பேரிடம் எச்எல்ஏ மரபணுக்களில் டிஆர்4 என்ற வகை இருப்பதாகவும், நோயற்றோரில் அது 28% பேரிடமே இருப்பதாகவும் 1978இல் பீட்டர் ஸ்டாஸ்ட்னி அறிவித்தார். வாய்ப்பு விகிதம் 6. ஆனால் நோய்ப் பரவலை 1% என்று கொண்டு 1,000 பேரை எடுத்துக்கொள்வோம். நோயாளிகள் 10 பேர். அவர்களில் 7 பேரிடம் டிஆர்4. நோயற்றோர் 990 பேர். அவர்களில் 277 பேரிடம் அதே டிஆர்4. ஆக, அந்த வகையைச் சுமக்கும் 284 பேரில் நோய் வந்தவர்கள் 7 பேர், 2.5%. சுமக்காத 716 பேரில் 3 பேர், 0.4%. டிஆர்4 சுமப்போரில் மீதி 97.5% பேர் அதே மரபணுவுடன் நோயின்றி வாழ்கிறார்கள்.

டிஆர்4 என்பது ஒரே பொருள் அல்ல. 1987இல் கிரெகர்சன், சில்வர், வின்செஸ்டர் மூவரும் டிஆர்பி1 மரபணு உருவாக்கும் புரதத்தில் 70 முதல் 74 வரையிலான 5 அமினோ அமில இடங்களைச் சுட்டினர். அந்த 5 இடங்களும் ஒத்திருந்தால் வகையின் பெயர் எதுவானாலும் அபாயம் கூடும். அத்தகைய டிஆர்பி1 வகைகளில் ஐரோப்பியரிடம் முன்னிற்பவை 04:01, 04:04; ஜப்பானியரிடம் 04:05; அமெரிக்கப் பழங்குடியினரிடம் 14:02. பீமா மக்களில் பெரும்பான்மையோர் 14:02ஐச் சுமப்பவர்கள். ஊரில் பெரும்பாலோரிடம் இருக்கும் ஒன்று, ஊர்களுக்கு இடையிலான வேறுபாட்டை விளக்கலாம். ஊருக்குள் யாருக்கு நோய் வரும் என்பதை அதிகம் விளக்காது.

எச்எல்ஏவுக்கு வெளியே, முடக்குவாதத்தோடு தொடர்புடையதென 2004இல் கண்டறியப்பட்ட மரபணு பிடிபிஎன்22. அமெரிக்க வெள்ளையரில் 17% பேரிடமும், அவர்களிலுள்ள முடக்குவாத நோயாளிகளில் 28% பேரிடமும் அதன் அபாய வகை உண்டு. வாய்ப்பு விகிதம் 1.9. ஜப்பானியரிடம் அந்த வகை இல்லை என்றே சொல்லலாம்.

இனி, கணக்கேட்டில் யார் எத்தனை பேர் என்பது. 2014இல் ஒகாடா குழுவினரின் ஆய்வு 29,880 நோயாளிகளைக் கொண்டு 101 மரபணு இடங்களைப் பட்டியலிட்டது. முதற்கட்டத்தில் இருந்த நோயாளிகள் 19,234 பேர்: ஐரோப்பிய வழியினர் 14,361, ஆசியர் 4,873. அந்த 'ஆசியர்' கிழக்காசியர். 2022இல் இஷிகாகி குழுவினர் நோயாளிகளை 35,871 ஆக உயர்த்தினர். இடங்கள் 124 ஆயின, அவற்றில் புதியவை 34. நோயாளிகளின் பகுப்பு: ஐரோப்பியர் 22,350 (62.3%), கிழக்காசியர் 11,025 (30.7%), ஆப்பிரிக்கர் 999 (2.8%), தெற்காசியர் 986 (2.7%), அரபியர் 511 (1.4%). முதல் இரு பிரிவுகளே 93%. உலக மக்களில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு வாழும் தெற்காசியாவின் பங்கு 2.7%. இப்படிப்பட்ட ஏட்டை வைத்து ஓர் இனத்துக்கு அபாயம் கூடுதல், இன்னோர் இனத்துக்குக் குறைவு என்று சொல்லும்போது, எத்தனை பேரைப் பார்த்துச் சொல்கிறோம் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

மரபணுவின் மொத்தப் பங்கை அளக்க இரட்டையர் உதவுகிறார்கள். 1993இல் வெளியான பிரிட்டிஷ் ஆய்வில், ஒருவருக்காவது நோய் இருந்த ஒரு கரு இரட்டையரில் இருவருக்கும் நோய் இருந்தது 15.4% இணைகளில், இரு கரு இரட்டையரில் 3.6%. இடைவெளி 4 மடங்குக்கும் மேல், மரபணுவின் பங்குக்கு அது சான்று. அதே மரபணுக்கள் கொண்ட 100 இணைகளில் 85இல் ஒருவருக்கு மட்டுமே நோய் என்பதும் அதே அட்டவணையில் இருக்கிறது. சூழலுக்கும் பங்கு உண்டு: 2006இல் வெளியான ஸ்வீடன் ஆய்வில், டிஆர்பி1 அபாய வகையை இரு படிகளாகச் சுமந்து புகையும் பிடித்தவர்களுக்கு, சிட்ரல்லினேற்றப்பட்ட புரதங்களுக்கு எதிரான எதிர்ப்பொருள் கொண்ட முடக்குவாதம் வரும் அபாயம், இரண்டும் இல்லாதவர்களைப் போல் 21 மடங்கு.

தென்னாப்பிரிக்காவில் 1975இல் வெளியான இரு ஆய்வுகள் கிராமப்புறக் கறுப்பினத்தவரிடம் சுமார் 0.1%, சொவெட்டோ நகர்ப்புறத்தில் 0.9% என்று பதிவு செய்தன. இரண்டும் சிறு ஆய்வுகள், இடம்பெயர்ந்தவர்கள் யார் என்ற கேள்வியும் உண்டு. எனினும் 9 மடங்கு இடைவெளியை மரபணுவால் மட்டும் நிரப்புவது கடினம். பீமா மக்களிடம் 1965 முதல் 1990 வரையிலான 25 ஆண்டுகளில் ஆண்டுதோறும் புதிதாக நோய் வருவோரின் விகிதம் பாதிக்கும் மேல் சரிந்தது. 25 ஆண்டுகள் என்பது ஒரு தலைமுறை. 14:02இன் அளவு அதற்குள் அவ்வளவு குறைய வழியில்லை.