ஊசியில் நூல் கோத்துத் தருவாயா?

எனக்கு ஏழு வயது இருக்கும். தீபாவளிக்கு முதல் நாள் அம்மாவின் பாசிமணி மாலை அறுந்து, மணிகள் வீடெங்கும் சிதறின. அழுதுகொண்டே பொறுக்கினேன். "அழாதே. ஊசியில் நூல் கோத்துக் கொடு, திரும்ப மாலையாக்கிடலாம்" என்றார் அம்மா. அன்று தொற்றிக்கொண்ட ஆசை, நாற்பது ஆண்டுகளாகியும் விடவில்லை.

வேலை, சமையல் எல்லாம் முடிந்தபின் இரவில் ஒரு மணி நேரம் எனக்கே எனக்கு. காதணி, வளையல், கழுத்தணி என்று செய்து பழகிய பிறகு, பெரனாக்கான் பெண்களின் 'காசுட் மானெக்' மணிக்காலணி தைக்கக் கற்றேன்.

மரச்சட்டத்தில் துணியை இழுத்துக் கட்டி, கட்டம் போட்ட தாளில் உள்ள பூவைப் பார்த்து மணிகளை ஒவ்வொன்றாகத் தைக்க வேண்டும். அந்தக் காலத்தில் பெரனாக்கான் மணப்பெண்ணின் பொறுமையை இந்த வேலையை வைத்தே எடைபோட்டார்கள். ஒரு ஜோடி முடிய மாதக்கணக்காகும். ஒரு மணி தப்பினாலும் பூ கோணிவிடும். பிரித்துத்தான் தைக்க வேண்டும்.

ஆர்மீனியன் ஸ்திரீட்டில் உள்ள பெரனாக்கான் அரும்பொருளகத்தில் பினாங்கு மேசை விரிப்பு ஒன்று இருக்கிறது. அதில் ஒரு மில்லியனுக்கும் அதிகமான மணிகள்! இதற்காக எத்தனை கண்கள் நொந்தனவோ என்று நினைத்துக்கொண்டேன்.

"ஆன்லைன்ல 5 வெள்ளிக்குத் தோடு கிடைக்குதே, எதுக்கும்மா இவ்வளவு கஷ்டம்?" என்பாள் மகள்.

சென்ற ஆண்டு முதல் என் கண்ணும் மங்கத் தொடங்கிவிட்டது. மணிகளில் எண் கூடக் கூட அளவு சிறுக்கும். 15ஆம் எண் மணிகளை டப்பாவில் போட்டு மூடிவிட்டேன். இப்போது 11ஆம் எண்ணோடு சரி. புதிதாகத் தொடங்குவோருக்கு 8ஆம் எண் வசதி. நூலில் தேன்மெழுகு தடவினால் எளிதில் சிக்காது. நிறங்களைப் பகல் வெளிச்சத்திலேயே தேர்ந்தெடுங்கள், விளக்கொளி ஏமாற்றிவிடும்.

போன வாரம் ஊசிக்காதோடு நான் போராடுவதைப் பார்த்த மகள், கைப்பேசியை வைத்துவிட்டு வந்தாள். "கொடும்மா, நான் கோத்துத் தரேன்."

கோத்தவள் எழுந்து போகவில்லை. "இந்த இலையை மட்டும் நான் தைக்கட்டுமா?"

தைத்தாள். பச்சை இலையின் நடுவே தவறுதலாக ஒரு நீல மணி விழுந்துவிட்டது. நாற்பது ஆண்டுகளில் முதன்முறையாக, ஒரு தவறை நான் பிரிக்கவில்லை.