வெனிஸில் நமக்கொரு கூரை

2019-ல் மகளைப் பார்க்க இத்தாலி போனபோது, வெனிஸ் பினாலே கலைக் கண்காட்சிக்கும் சென்றேன். 1895-ல் தொடங்கிய விழா அது. அங்குள்ள பூங்காவில் 1907-ல் முதன்முதலாகத் தனி அரங்கம் கட்டியது சின்னஞ்சிறு பெல்ஜியம். பின்னர் பல நாடுகள் கட்டிக்கொண்டன. இந்தியாவைத் தேடினேன், பூங்காவில் இல்லை. பழைய கப்பல் கட்டும் தளத்தில் ஒரு கூடம் கிடைத்திருந்தது. 2011-க்குப் பிறகு அப்போதுதான் மீண்டும் இந்திய அரங்கம்!

உள்ளே நந்தலால் போஸ், 1938 ஹரிபுரா காங்கிரஸுக்காகத் தீட்டிய எளிய ஜனங்களின் சித்திரங்கள். டில்லியில் பார்த்தவைதான், ஆனாலும் கண் பனித்தது.

2022, 2024 இரண்டிலும் நம் அரங்கமே இல்லை. வாடகைக் கூடங்களில் சங்கம் வளர்த்த நமக்குச் சொல்லவா வேண்டும், சொந்தக் கூரையின் அருமையை?